ஈயம் அண்ணாச்சியின் சொல்லுத பெட்டி

உலகத்தில் தையல் மெஷினை மேடையில் ஏற்றிக் கல்யாணக் கச்சேரி நடத்திய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் சங்கரன்கோவில்காரர். தங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்று வாசகர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். நான் நம்ப மாட்டேன். அந்த மெஷினை மிதித்த கால்கள் என்னுடையவை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் ஈயம் அண்ணாச்சி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார்கள். அவர் பையில் ஈயக்கம்பிச் சுருள் இருக்கும். எது அறுந்தாலும், எது உடைந்தாலும், பற்றவைக்கிற கோலைக் காயவைத்து ஒரு சொட்டு ஈயம் வைத்துவிடுவார். ரேடியோ, டார்ச் லைட், மூக்குக் கண்ணாடி, குடைக்கம்பி எதுவும் தப்பாது. ஒருநாள் தன்னுடைய அறுந்த செருப்பு வாருக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார். "பிடிக்க மாட்டேங்குவே. தோலுக்கும் ஈயத்துக்கும் என்னமோ பகை இருக்கு" என்று என்னிடம் மனம் நொந்து சொன்னார்.

தொழிலால் அவர் விசைத்தறி மெக்கானிக். நான் சொல்வது எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். அன்றைக்குச் சங்கரன்கோவிலில் பொழுது விடிவது சேவல் கூவி அல்ல, தறி ஓடி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். போகிற போக்கில் சட்டென்று நின்று, ஒரு சுவரைப் பார்த்து, "உள்ள மூணாவது தறி நொண்டுது. நாடா இடது பக்கம் முட்டுது" என்பார். உள்ளே போய்ப் பார்த்தால், மூன்றாவது தறியில் ஊடுநூலோடு இங்குமங்கும் ஓடுகிற நாடா இடது பக்கம்தான் முட்டிக்கொண்டிருக்கும்.

காய்ச்சல் என்று ஒருமுறை டாக்டரிடம் போனார். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "கொஞ்சம் குடுங்க டாக்டர், நானும் கேக்கேன்" என்று அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி அரை நிமிடம் கேட்டார். "நல்லாத்தான் ஓடுது. ஒரு பல்லுதான் தேஞ்சிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். காய்ச்சலுக்கு மருந்து எழுதுவதா, பல்லுக்கு எழுதுவதா என்று டாக்டர் குழம்பிப்போனதாகக் கேள்வி.

நான் அப்போது கல்யாணமாகாத குமாஸ்தா. அண்ணாச்சிக்குத் தறி வேலை இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை உண்டு. அதற்கு மேல் மாடி அறையில் நான் குடியிருந்தேன். பகலில் ஆபீஸ். சாயங்காலம் ஆனால் நான் வேறு ஆள். ஊரில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவுக்கு நான் அறிவிப்பாளர். "அடுத்து உங்களை மகிழ்விக்க" என்று நான் மூச்சை இழுத்தால் கடைசி வரிசையில் தூங்குகிற கைக்குழந்தை எழுந்து அழும். பாட்டு வராது, தாளம் சுத்தமாக வராது. அதனால்தான் என்னை அறிவிப்பாளர் ஆக்கியிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு பலகையில் வரிசையாகப் பதினாலு காலிங் பெல் சுவிட்சுகள் பதித்திருந்தார். அன்றைக்கு ஊரில் காலிங் பெல் வைத்த வீடே பதினாலு தேறாது. சுவிட்சு விற்ற கடைக்காரர், "எத்தனை வீடு கட்டுதீய அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார். "வீடெல்லாம் இல்ல" என்றிருக்கிறார் இவர். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் அவர் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாராம்.

பலகையிலிருந்து ஒரு கட்டு ஒயர் கிளம்பி, மூலையில் இருந்த பழைய ரேடியோப் பெட்டிக்குள் போனது. "இதை அமுக்கும்" என்றார் அண்ணாச்சி. அமுக்கினேன். பலகை கம்மென்று இருந்தது. மூலையில் இருந்த பெட்டி "தும்" என்றது. அடுத்த சுவிட்சை அமுக்கினேன். "தக்" என்றது. அதற்கடுத்தது "சிங்".

"இது சொல்லுத பெட்டி. அது கேக்குத பெட்டி. இதுக்கு வாய் கிடையாது, அதுக்குப் புத்தி கிடையாது. நடுவுல கம்பி" என்றார்.

"ரெண்டையும் ஒரே பெட்டியா செஞ்சா என்ன அண்ணாச்சி?"

"உம்ம ஆபீசர் உத்தரவு போடுதாரு, நீரு எழுதுதீரு. ரெண்டு பேரையும் ஒரே நாற்காலில உக்கார வச்சா வேலை நடக்குமாவே?"

எனக்கு அதற்கப்புறம் சந்தேகமே வரவில்லை.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று கேட்டேன். வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிப் பாதிதான் இருந்தன. பதினெட்டு வயதில் தறியின் பெல்ட் இழுத்துக்கொண்டு போனது. அதுவரை தபேலா படித்துக்கொண்டிருந்தாராம். "வாசிக்கதுக்கு விரல் வேணும். சொல்லுததுக்கு எதுக்குவே விரல்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஒயரைச் சீவ ஆரம்பித்தார்.

கம்பி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சொன்ன சொல் போய்ச் சேரும் என்பதை ஊருக்கு நிரூபிக்க அவருக்கு ஆசை. எதிர்த்த டீக்கடையில், பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவே கேக்குத பெட்டியை வைத்தார். தெருவுக்கு மேலே ஒயரை இழுத்துக் கட்டினார். சொல்லுத பெட்டியோடு தன் கடையில் உட்கார்ந்துகொண்டார். பனவடலிசத்திரத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒரு பெரியவர் டீ கிளாஸை உதட்டில் வைத்தார். "சிங்" என்றது. கிளாஸை எடுத்தார். சத்தம் இல்லை. மறுபடி வைத்தார். "சிங்". மூன்றாவது மடக்குக்கு "தும்" என்றது. பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒடம்பு சரியில்லய்யா" என்று பெஞ்சில் படுத்துவிட்டார். டீ மாஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார்.

"அண்ணாச்சி, இந்தச் சவத்த நீங்களே வச்சுக்கிடுங்க. என் கடைல டீ குடிக்கவனுக்கு வயித்துக்குள்ள மணி அடிக்கி!"

அண்ணாச்சிக்கு வருத்தமே இல்லை. "பாத்தீராவே? இருபது அடி தாண்டிக் கேட்டுச்சு" என்று என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. காலையில் ஊர்த் தறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போது கரண்ட் இளைத்துவிடும். கேக்குத பெட்டியின் குரல் தடித்துப்போய், "தும்" என்பது "தோ...ம்" என்று வரும். "சளி பிடிச்சிருக்கு. பத்து மணிக்குச் சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், ரேடியோ ரிப்பேருக்கு வந்த குருவிகுளத்து சம்சாரி ஒருவர் பழைய டிராக்டர் பேட்டரி ஒன்றைக் கொடுத்துச் சளியைத் தீர்த்துவைத்தார்.

ஆறு வருஷம் இப்படியே போனது. பெட்டி வளர வளர ஊரின் கேலியும் வளர்ந்தது. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் சிரித்துவிடுவார். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "இதை மேடைல ஏத்தணும் மக்கா. ஒருத்தர் பாடணும், இது கூடப் போவணும். ஒரே ஒரு பாட்டு போதும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து எங்கள் குழுவின் தபேலாக்காரருக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. பத்து நாளில் பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. முகூர்த்த மாதம், தட்டத் தெரிந்த ஒரு கைகூட ஓய்வாக இல்லை. குழுவை நடத்திய ஆர்மோனிய மாஸ்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மாஸ்டர், எங்க ரூமுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு" என்றேன். மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் எழுந்து வந்தார். மூழ்குகிறவருக்கு வேறு வழி இல்லை.

மாஸ்டர் வந்தால் போதாது. எங்கள் பாடகி வர வேண்டும். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு எல்லாம் டீச்சர். பாட்டில் ஓர் அட்சரம் பிசகினால், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து மாஸ்டரே இரண்டு தடவை ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்திருக்கிறார். அண்ணாச்சி டீச்சர் பாட்டைக் கூட்டத்தில் நின்று கேட்பவர். அவர் என்னிடம், "டீச்சர் பாடுனாத்தான்வே இது வாத்தியம். இல்லேன்னா வெறும் காலிங் பெல்" என்றார்.

டீச்சர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாச்சி தன் அரை விரல்களால் சுவிட்சுகளை அமுக்க, டீச்சர் மெல்லப் பாடினார். நாலு வரியில் நிறுத்திவிட்டார்.

"சத்தம் நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா நீங்க அமுக்குத வேகத்துக்கு நான் பாடுனா, பாட்டு முடியுததுக்குள்ள பந்தி முடிஞ்சிரும்."

மூன்று நாள் கழித்து அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை விரலே கிடையாது. தறியில் சேலைக் கரையில் பூப்போட ஒரு சமாச்சாரம் உண்டு. சின்னச் சின்ன மரக்கட்டைகளைச் சங்கிலி மாதிரி கோத்திருப்பார்கள். கட்டையில் முளை அடித்த இடத்தில் நூல் தூக்கும், முளை இல்லாத இடத்தில் தூக்காது. சங்கிலி சுற்றச் சுற்றக் கரையில் ஒரே பூ திரும்பத் திரும்ப விழும். அண்ணாச்சி அந்தச் சங்கிலியில் பதினாறு கட்டை எடுத்து, நூல் தூக்குவதற்குப் பதிலாகச் சுவிட்சை அமுக்கும்படி முளை அடித்துவிட்டார். மேஜை ஃபேன் மோட்டார் அதைச் சுற்றியது. "தும் தக தக, தும் தும் தக" என்று கேக்குத பெட்டி தானாக வாசித்தது. பூவுக்குப் பதில் தாளம். எனக்கு மயிர் சிலிர்த்தது.

டீச்சர் ஒரு பாட்டு முழுக்கப் பாடினார். முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் மூச்சு விடணும்லா? உங்க மெஷின் விட மாட்டேங்கே. பின்னால நாய் வெரட்டுத மாதிரில்லா இருக்கு."

யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். அண்ணாச்சி பென்சிலை எடுத்து, "மூச்சு" என்று சுவரில் எழுதிக்கொண்டார். மறுநாள் எங்கிருந்தோ ஒரு பழைய தையல் மெஷினைக் கொண்டுவந்து, மேலே தைக்கிற தலையைக் கழற்றிவிட்டு, சட்டத்தையும் மிதியையும் மட்டும் வைத்துக்கொண்டார். தலை இருந்த இடத்தில் சொல்லுத பெட்டியும் அதன் மேல் சங்கிலியும் உட்கார்ந்தன. மிதித்தால் தாளம், நிறுத்தினால் மௌனம், மெல்ல மிதித்தால் மெல்ல. "இனி நீங்க மூச்சு விட்டா இதுவும் விடும் டீச்சர்" என்றார். தனக்கு முடியாவிட்டால் இருக்கட்டும் என்று எனக்கும் மிதிக்கப் பழக்கினார்.

டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மொத பாட்டு இதோட பாடுதேன். ஒத்து வந்தா சரி. ஒத்து வரலேன்னா மைக்க வச்சிட்டு எந்திரிச்சிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருதேன் டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "பெட்டியப் பிரிச்சு ரேடியோவாவே ஆக்கிருதேன். அதுக்கப்புறம் தொடவே மாட்டேன்." சொல்லும்போது சிரிக்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் ஒரு தறி முதலாளி ஆள் அனுப்பினார். ஒரு தறி நின்றுபோயிருந்தது. அண்ணாச்சி தாளச் சங்கிலியைக் கடையில் விட்டுவிட்டுப் போக மனம் வராமல், செய்தித்தாளில் சுற்றிக் கையோடு கொண்டுபோனார். கொட்டகை ஜன்னல் திட்டில் வைத்தபோது தாள் பிரிந்துகொண்டது. தறியில் கிடந்த கரைச் சங்கிலியையும் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தறியைச் சரிபார்த்தார். முடிந்ததும் ஒரு சங்கிலியைத் தறியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மற்றதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வேனுக்கு ஓடிவந்துவிட்டார். கவனியுங்கள், திட்டில் இருந்தவை இரண்டு சங்கிலிகள். இரண்டும் ஒரே மரம், ஒரே முளை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பந்தலில் மேடை தயார். மாஸ்டரின் ஆர்மோனியம், டீச்சருக்கு நாற்காலி, நடுவில் தையல் மெஷின். கல்யாண வீட்டு அம்மாள் ஒருவர் நேராக அண்ணாச்சியிடம் வந்து, "ஏய்யா, நல்ல சமயத்துக்கு வந்தீரு. இந்த ஜாக்கெட்டு தோள்பட்டைல பிரிஞ்சிருக்கு, ஒரு ஓட்டு ஓட்டிக் குடும்" என்று நீட்டினார். இது பாட்டு மெஷின் என்று அண்ணாச்சி விளக்கினார். "பாட்டு பெறவு பாடலாம், மொதல்ல ஜாக்கெட்ட அடியும்" என்று அந்த அம்மாள் அசையவில்லை. நான்தான் ஊசியும் நூலும் தேடிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதற்குள் அண்ணாச்சி வெளிறிப்போய் நின்றார். வேன் குலுங்கியதில் சொல்லுத பெட்டியின் அடியில் ஒரு ஜாயிண்ட் விட்டிருந்தது. பையில் ஈயம் இருந்தது. பற்றவைக்கிற கோல் சங்கரன்கோவிலில் இருந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் ஈயத்தையும் கோலையும் பிரிக்காத மனிதர், அன்றைக்குப் பார்த்துப் பிரித்திருந்தார்.

"வே, நீரு மிதியும்" என்றார். சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் புகுந்தார். அறுந்த இரண்டு முனைகளையும் அந்த அரை விரல்களுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் வைத்து நெருக்கிப் பிடித்துக்கொண்டார். மெஷின் மேல் போட்டிருந்த விரிப்பு அவரை மறைத்துவிட்டது. ஆறு வருஷமாகக் காத்திருந்த மேடையில், மனிதர் ஏறிய வேகத்தில் காணாமல் போனார்.

நான் மைக்கில், "இதோ உங்கள் முன், மின்சாரத் தாளம்!" என்று முழங்கிவிட்டு ஓடிவந்து மெஷினில் உட்கார்ந்தேன். வழக்கப்படி முதலில் பிள்ளையார் பாட்டு. மாஸ்டர் ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்தார். நான் மிதித்தேன்.

"தும். தும். தும். தக தக. சிங். தக தக. தும். தும்..."

எனக்கே தெரிந்தது, இது அந்தத் தாளம் இல்லை. மாஸ்டரின் கை ஆர்மோனியத்தின் மேல் அப்படியே நின்றது. விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு குரல் கதறியது.

"மக்கா! இது என் தாளம் இல்ல! இது ருத்ராட்சக் கரைல்லா!"

வேறு யாராக இருந்தாலும், எங்கோ கோளாறு என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். சேலையின் கரையைக் காதால் கேட்டு, அது எந்தக் கரை என்று சொல்ல இந்தப் பூமியில் அவர் ஒருவரால்தான் முடியும். ஆனால் நான் அன்றைக்கு அதை ரசிக்கும் நிலையில் இல்லை.

"நிப்பாட்டவா அண்ணாச்சி?" என்று குனிந்து கேட்டேன்.

விரிப்புக்கு அடியிலிருந்து இன்னொரு கேள்விதான் வந்தது. "டீச்சர் எந்திரிச்சிட்டாங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் பாடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, வலது கை விரல்களால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. நெற்றி சுருங்கியிருந்தது.

"எண்ணுதாங்க" என்றேன்.

"அப்ப மிதியும். ஒரே வேகமா மிதியும். மாத்திராதீரு."

மிதித்தேன். ஒரு சுற்று போனது. முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது சுற்று போனது. என் முதுகில் வேர்வை இறங்கியது. விரிப்புக்கு அடியில் அண்ணாச்சி மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது சுற்று தொடங்கும் இடத்தில் டீச்சர் மைக்கைத் தூக்கினார். பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

பிசகவில்லை. கரையின் பூ எங்கே விழுகிறதோ அங்கே சொல்லை வைத்தார். எங்கே நூல் தூக்கவில்லையோ அங்கே மூச்சு விட்டார். நானே பலமுறை அறிவித்த பாட்டு அது. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மாஸ்டரின் விரல்கள் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டன. பந்தலில் சங்கரன்கோவில் தறிக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் தலை மட்டும் சரியாக ஆடியது. "எங்கயோ கேட்ட மாதிரி இருக்குலா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. கேட்காமல் என்ன? தினமும் பத்து மணி நேரம் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ராயகிரியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் மாமா, "மெட்ராஸ்ல இப்ப இதான் ஸ்டைலு" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். தட்டாதவர் அண்ணாச்சி ஒருவர்தான். கை ஓய்வாக இல்லை.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எனக்குப் பக்கென்றது. அவர் நேராகத் தையல் மெஷினுக்கு வந்து, விரிப்பைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். உள்ளே மனிதர் வேர்த்து விறுவிறுத்து, விரலை எடுக்காமல் குந்தியிருந்தார். டீச்சர் தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினார்.

"அண்ணாச்சி, இத மாட்டிட்டு வெளிய வாங்க. உங்க பெட்டி பாடுதத நீங்க பாக்க வேண்டாமா?"

அண்ணாச்சி ஊசியால் ஒயரை நெருக்கி மாட்டிவிட்டு வெளியே வந்தார். முழங்காலில் மண். கண்ணில் என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. வேர்வை என்று அவர் சொன்னார். மீதிப் பாட்டுகளுக்கும் அதே ருத்ராட்சம்தான். அவரே உட்கார்ந்து மிதித்தார். டீச்சர் மூச்சு விட்ட இடத்தில் எல்லாம் அவர் கால் நின்றது.

திரும்பும்போது வேனில் அண்ணாச்சி கேட்டார். "மொத சுத்துலயே ஏன் டீச்சர் எந்திரிக்கல?"

"பிள்ளையார் பாட்டுல எந்திரிக்கக் கூடாதேன்னு இருந்தேன். ரெண்டாவது சுத்துல எந்திரிக்கத் தோணல. இருபது எண்ணுனா மொத இடத்துக்குத் திரும்பி வந்துருது. சொன்ன எடத்துக்குத் திரும்பி வாரவங்கள நம்பிப் பாடலாம்லா?"

அண்ணாச்சி ஊர் வரும்வரை முழங்காலில் இருபது இருபதாக எண்ணிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் தறி முதலாளி பேசினார். தெருவுக்கே கேட்கும்படி பேசினார். அவருடைய தறியில் முந்தின நாள் மாட்டியது அண்ணாச்சியின் தாளச் சங்கிலி. பாதிச் சேலை வரைக்கும் ருத்ராட்சம் ருத்ராட்சமாக வந்த கரை, அதற்குமேல் யாரும் பார்த்திராத புள்ளியும் கோடுமாக ஓடியிருந்தது. "இது என்ன கரைவே? இத எவன் கட்டுவான்?" என்று சேலையை முகத்துக்கு நேரே ஆட்டினார். அண்ணாச்சி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கரையின் மேல் அரை விரலை ஓட்டினார். "தும்... தக தக... தும் தும்... தக." முகம் மலர்ந்தது.

"ஒரு அட்சரம் பிசகலை மொதலாளி!"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சேலையை அண்ணாச்சியே எடுத்துக்கொண்டார். மறு வருஷம் என் கல்யாணத்துக்கு அதைத்தான் கொண்டுவந்தார். "பாதில தாளம் மாறும் மக்கா. கோவிச்சுக்காதீரு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவிக்குக் கோபமான கோபம். "பாதிக்கு ஒரு கரை, மீதிக்கு ஒரு கரை. இத எடுத்த புண்ணியவான் யாரு?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கரையைத் தொட்டுத் தட்டிக் காட்டினேன். எனக்குத்தான் தாளம் வராதே; நாலாவது தட்டில் பிசகிவிட்டேன். அவளே வாங்கித் தட்டிப் பார்த்தாள். இன்றைக்கு அந்தச் சேலையை எங்கள் மகள் கேட்டால்கூட அவள் பீரோவைத் திறப்பதில்லை.

இரண்டு வருஷம் அந்தப் பெட்டி எங்கள் குழுவோடு ஊர் ஊராகப் போனது. பிறகு, ஒரு பொத்தானை அமுக்கினால் தானே தாளம் போடும் கீபோர்டு ஒன்றை மாஸ்டர் வாங்கினார். அண்ணாச்சி வந்து அதைத் தொட்டுப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "ரொம்ப நல்லா செஞ்சிருக்கான்வே. ஆனா டீச்சர் மூச்சு விடும்போது இது நிக்காதே" என்றார். பொறாமை இல்லை, டீச்சர் மேல் கவலை.

எனக்கு மாற்றல் வந்தது. போன இடத்தில் பல வருஷம் ஓடிவிட்டது. அண்ணாச்சியின் நெஞ்சு ஒருநாள் ஓடாமல் நின்றுவிட்டதாக மாஸ்டர் கார்டு போட்டிருந்தார். பல் தேய்ந்த விஷயத்தை அவர் டாக்டருக்கு முன்னாலேயே கண்டுபிடித்துச் சொன்னவர். நாங்கள்தான் சிரித்தோம்.

காரியத்துக்குப் போயிருந்தேன். கடையைக் காலி செய்துகொண்டிருந்த அவருடைய அக்கா மகன், "இந்தத் தையல் மிஷினு தலை இல்லாமக் கெடக்கு. நீங்க எடுத்துட்டுப் போறீயளா?" என்று கேட்டான். விரிப்பைத் தூக்கிக் குனிந்து பார்த்தேன். ஊரில் இருந்த ஒயர் முழுக்க ஈயம் வைத்த மனிதர். அந்தப் பெட்டிக்குள்ளும் நூறு ஜாயிண்ட் இருக்கும், நூறும் முத்து முத்தாகப் பற்றவைத்திருந்தார். அந்த ஒரே ஒரு ஜாயிண்டில் மட்டும் ஈயம் இல்லை. டீச்சர் கொடுத்த கொண்டை ஊசி அப்படியே இருந்தது.

மெஷின் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தைக்கிற தலை ஒன்று வாங்கி மாட்டினால் உபயோகமாக இருக்கும் என்று என் மனைவி முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது சொல்வதில்லை. ஊசியில் துரு ஏறிவிட்டது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் நூறு வருஷம் நிற்கும் என்று தெரு முனை ரேடியோக்காரர் போன வாரம்கூடச் சொன்னார். எங்கள் அண்ணாச்சி வைக்காத இடத்தில் வைப்பதற்கு நான் யார்?